காட்டு மிருகங்களுக்கு எந்தத் துப்பாக்கி?

சித்தூர், திருப்பதிப் பக்கம் ஒரு துண்டு நிலம் வைத்துக்கொண்டு வெளியூரில் வாழும் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இப்போது இதுதான் முதலிடத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் போர் எத்தனை அடி போட வேண்டும், மாமரத்துக்கு என்ன மருந்து அடிப்பது என்று கேட்பார்கள். 2023-க்குப் பிறகு துப்பாக்கிதான். டல்லாஸில் இருக்கும் என் தங்கை மகனுக்குப் பலமனேர் பக்கம் தாத்தா வழியில் வந்த நாலு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. "மாமா, தோப்புக் காவல்காரருக்கு ஒரு நல்ல துப்பாக்கி வாங்கிக் கொடுத்துவிடலாமா? எந்த மேக் நல்லது?" என்று போனில் கேட்கிறான். ஏதோ பம்ப் செட்டுக்கு மோட்டார் விசாரிப்பது போல!

என்னைக் கேட்பதற்கும் ஒரு காரணம் உண்டு. நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். அதில் பாதிக் காலம் ரேணிகுண்டாவிலிருந்து மாமண்டூர், பாலப்பள்ளி, கோடூர் வழியாகக் கடப்பா போகும் காட்டுப் பாதையில் கழிந்தது. மிருகங்களைப் பார்த்திருக்கிறேன், துப்பாக்கிக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நம் நாட்டில் துப்பாக்கி என்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. தற்காப்புக்கு வேண்டும் என்றால் குறைந்தது இருபது அங்குலக் குழல் கொண்ட, உள்ளே வரியில்லாத வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்கும், பயிர்ப் பாதுகாப்புக்கு வேண்டும் என்றால் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் அந்தச் சட்டமே தனியாக வழி வைத்திருக்கிறது. அது இந்தியக் குடிமகனுக்கு என்று தெளிவாகச் சொல்கிறது; வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லைசென்ஸில் பெயர் இல்லாத காவல்காரர் கையில் அதைக் கொடுத்தால் அவரும் மாட்டுவார், கொடுத்தவரும் மாட்டுவார். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்சமே இரண்டு வருஷச் சிறை. போதாக்குறைக்குத் தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். யானைக்குத் தேர்தல் தேதி தெரியாது.

இதை எல்லாம் தாண்டினாலும் இன்னொரு கதவு இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, சரணாலயத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களின் துப்பாக்கி லைசென்ஸ் விஷயத்தில் தலைமை வன உயிர்க் காப்பாளரையும் உள்ளே கொண்டுவருகிறது. பலமனேர், குப்பம் காடுகளில் 1990-இல் அறிவிக்கப்பட்ட கௌண்டின்யா சரணாலயம். திருப்பதி மலையைச் சுற்றி ஸ்ரீ வேங்கடேஸ்வரா சரணாலயமும் தேசியப் பூங்காவும். மிருகம் வரும் இடமெல்லாம் ஏறக்குறைய இந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். அதாவது துப்பாக்கி எங்கே வேண்டுமென்று தோன்றுகிறதோ அங்கேதான் அது கிடைப்பது கடினம். சரணாலயத்துக்குள் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம்.

"உயிருக்கு ஆபத்து வந்தால்கூடச் சுடக்கூடாதா?" என்று கேட்பார்கள். சுடலாம். தன்னையோ மற்றவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்துடன் ஒரு மிருகத்தைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமில்லை என்று 11-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் இதே சட்டத்தை மீறிக்கொண்டிருக்கக் கூடாது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் துப்பாக்கியோடு போய்விட்டு, சிறுத்தை பாய்ந்தது, சுட்டேன் என்று சொன்னால் எடுபடாது.

சரி, சட்டம் எல்லாம் ஒத்துவந்தது என்றே வைத்துக்கொள்வோம். எந்தத் துப்பாக்கி?

நம் பக்கம் சாதாரணமாகக் கிடைப்பது பன்னிரண்டு போர் துப்பாக்கி. இந்தப் 'பன்னிரண்டு' எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒன்று எந்தக் குழலில் கச்சிதமாக நுழையுமோ அதுவே பன்னிரண்டு போர். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். இதன் தோட்டாவுக்குள் ஒரே குண்டு இல்லாமல் பல சிறு குண்டுகள் இருக்கும். அவை விரிந்துகொண்டே போவதால் முப்பது, நாற்பது மீட்டருக்கு அப்பால் பெரிதாகப் பயனில்லை. இரட்டைக் குழல் என்றால் இரண்டு தடவை உடனுக்குடன் சுடலாம். இயந்திர அமைப்பும் எளிது, சிக்கிக்கொள்ளாது. ஒரு இன்ஜினீயராக எனக்குப் பிடித்தது அதுதான். அடுத்தது .315 ரைபிள், இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்து வந்தது. ராணுவத் தோட்டா பொருந்தாத அளவாக இருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரர் காலத்தில் பார்த்து வைத்த அளவு அது. ஒரே குண்டு, தூரம் போகும், குறி தவறினால் அடுத்த ஊர்க்காரன் மாட்டிலோ மனிதன் மேலோ போய் நிற்கும். ரிவால்வர் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: காட்டு மிருகத்துக்கு அது வேண்டாத வேலை.

நாட்டுத் துப்பாக்கி என்று ஒன்று இந்தப் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. இரும்புக் குழாய், கருமருந்து, பால்ரஸ் குண்டு. கொதிகலன் ஆனாலும் துப்பாக்கி ஆனாலும் குழாய்க்குள் அழுத்தம் அழுத்தம்தான். சோதிக்காத குழாயில், அளக்காத மருந்தைக் கெட்டித்து, அதைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு சுடுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அதனினும் மோசம் அவுட்டுக்காய். பன்றிக்கென்று தீனிக்குள் வெடி வைத்துப் போடுகிறார்கள். அதை யானையும் கடிக்கும், வீட்டு மாடும் கடிக்கும். இலங்கையில் இதே பொல்லாத வித்தைக்கு 'ஹக்க பட்டாஸ்' என்று பெயர். வாய் கிழிந்து பட்டினியாகவே சாகும் யானைகள் அங்கே ஏராளம்.

இப்போது கணக்குக்கு வருவோம். சிறுத்தை மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பாயும். விநாடிக்கு ஏறக்குறைய பதினான்கு மீட்டர். புதரிலிருந்து நீங்கள் நடக்கும் பாதைக்குப் பத்து மீட்டர் என்றால், முக்கால் விநாடிக்குள் அது உங்கள் மேல். ரயில் ஓட்டுபவர் அபாயத்தைப் பார்த்துப் பிரேக்கில் கை வைக்கவே அதற்கு மேல் ஆகும் என்பது எங்களுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். தோளில் மாட்டியிருக்கும் துப்பாக்கியைக் கழற்றி, பூட்டைத் தள்ளி, குறி பார்த்துச் சுடுவதற்கு நல்ல பழக்கமுள்ளவருக்கே இரண்டு மூன்று விநாடி வேண்டும். அதுவும் சிறுத்தை முன்னால் வந்தால். அது பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும்.

யானை கதை வேறு. ஆசிய யானைகளை ஓடவிட்டு அளந்த விஞ்ஞானிகள் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் என்று 2003-இல் எழுதினார்கள். வரப்பில் செருப்போடு ஓடும் நம்மால் அதில் பாதி முடிந்தால் பெரிது. யானையின் மண்டையோடு தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்தது. மூளை சிறிதாக, ஆழத்தில் இருக்கிறது. பன்னிரண்டு போர் குண்டு அதற்குக் கோபமூட்டத்தான் உதவும். பல ஆப்பிரிக்க நாடுகளில் யானைக்கு .375-க்குக் குறைந்த ரைபிளைச் சட்டமே அனுமதிப்பதில்லை. தோப்புக் காவல்காரர் பன்னிரண்டு போரால் சுட்டுக் காயப்படுத்திய யானை, அடுத்த வாரம் வேறு ஊரில் வேறு ஒருவரைப் பழி தீர்க்கும். அந்த ஒருவர் உங்கள் பெரியப்பாவாகவும் இருக்கலாம்.

துப்பாக்கி அதிகமிருந்தால் பாதுகாப்பு அதிகம் என்று நினைப்பவர்களுக்கு ருத்ரபிரயாகையைச் சொல்வேன். கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் 1918 முதல் 1926 வரை ஒரே ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றது. அது அரசாங்கப் பதிவில் ஏறிய கணக்கு. அப்போது கட்வால் பகுதியில் சுமார் 4000 பேர் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தார்கள். அந்தச் சிறுத்தைக்காகவே மேலும் 300-க்கு மேற்பட்ட விசேஷ லைசென்ஸ்கள் கொடுக்கப்பட்டன. எட்டு வருஷம் எதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஜிம் கார்பெட் 1926 மே மாதம் கோலாப்ராய் என்ற இடத்தில் மரத்தின் மேல் இரவு இரவாகக் காத்திருந்து, .275 ரைபிளால் சுட்டார். அது பெரிய துப்பாக்கிகூட இல்லை. வேலை செய்தது பொறுமையும், அந்த மிருகத்தின் பழக்கம் பற்றிய அறிவும். கார்பெட் மொகாமா காட்டில் வருஷக்கணக்கில் ரயில்வே வேலை பார்த்தவர் என்பதை எங்கள் பெருமைக்காக இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்துக்கும் ஒரு வேட்டைக்காரர் உண்டு. பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் 1950-களில் எழுதிய புத்தகங்களில் திருப்பதிக்கு மேற்கே உள்ள சாமலா பள்ளத்தாக்குப் புலியைப் பற்றியும், எங்கள் மாமண்டூர்ப் புலியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவருடைய துப்பாக்கி .405 வின்செஸ்டர், கையடியில் உள்ள நெம்புகோலை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. அதை வாங்க வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் அந்தப் புத்தகங்களை இன்னொரு முறை படிக்கட்டும். எத்தனை இரவுகள் வீணாகக் கழிந்தன, எத்தனை நாள் அடித்தடம் பார்த்து நடந்தார் என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்.

அதே மாமண்டூர்ப் பாதையில் மழைக்காலத்தில் இரவு முழுவதும் ஆள் நடந்துகொண்டே இருப்பார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போயிருக்கிறதா என்று பார்க்கும் ரோந்துக்காரர். அவர் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ரயில்வே கையேட்டில் பட்டியலே உண்டு. மூவர்ணக் கைவிளக்கு இரண்டு, டார்ச், விசில், கொடிகள், வண்டியை நிறுத்துவதற்குத் தண்டவாளத்தில் வைக்கும் டெட்டனேட்டர்கள், ஒரு கழி. துப்பாக்கி கிடையாது. காட்டுப் பகுதியில் இருவர் இருவராக நாங்கள் அனுப்புவோம். ஜோடியில் ஒருவராவது வாயாடியாக இருக்கும்படி போடுங்கள் என்று எனக்கு முன்பிருந்த மேஸ்திரி ஒருவர் சொல்வார். அப்போது சிரித்தேன், பிறகுதான் அதன் அர்த்தம் புரிந்தது. கரடிக்குக் கண் மந்தம். காற்று எதிராக இருந்தால் நாம் மிக அருகில் போகும் வரை அதற்குத் தெரியாது. திடுக்கிட்டால் முகத்தைத்தான் பிடுங்கும். நாம் வருவது முன்கூட்டியே காதில் விழுந்தால் அதுவே ஒதுங்கிப் போய்விடும். பேசிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலை விளக்கு. அந்த விளக்கு பாம்புக்கும் ஆகும். இந்தியாவில் பாம்புக் கடியால் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு சொன்னது. சிறுத்தையும் யானையும் சேர்ந்து கொல்வது அதன் பக்கத்தில்கூட வராது. பாம்புக்கு எந்தத் துப்பாக்கி என்று யாரும் என்னைக் கேட்டதில்லை!

2023-இல் திருமலை நடைபாதையில் நடந்ததை எல்லோரும் அறிவீர்கள். ஜூன் மாதம் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்வியது. கூட இருந்தவர்களும் காவலர்களும் கூச்சலிட்டுக்கொண்டு துரத்தியதில் போட்டுவிட்டு ஓடியது. பையன் பிழைத்தான். ஆகஸ்ட் 11 இரவு, குடும்பத்தாருக்குச் சற்று முன்னால் நடந்து சென்ற ஆறு வயதுச் சிறுமி பிழைக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சிறுத்தை தேர்ந்தெடுத்தது குழந்தையை. முதலாவதில் காப்பாற்றியது துப்பாக்கி அல்ல, பல பேருடைய குரல்.

அதற்குப் பிறகு தேவஸ்தானம் பக்தர்களுக்குக் கைத்தடி கொடுத்தது. பத்திரிகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் ஒரே கேலி: சிறுத்தையைத் தடியால் அடிக்க முடியுமா என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை; எங்கள் ரோந்துக்காரர் கையில் இருந்த அதே கழி. அது அடிப்பதற்கு அல்ல. தட்டிக்கொண்டு நடக்க, உயர்த்திப் பிடித்தால் ஆள் பெரிதாகத் தெரிய, கையில் ஏதோ இருக்கிறது என்ற தைரியத்தில் ஓடாமல் நிற்க. ஓடினால் இரை என்று முடிவு கட்டும் மிருகம் அது. கூடவே, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சிறு குழந்தைகளை நடைபாதையில் விடுவதில்லை என்றும், கூட்டமாகச் சேர்த்து அனுப்புவது என்றும் ஏற்பாடு செய்தார்கள். வனத்துறை கூண்டு வைத்துப் பல சிறுத்தைகளைப் பிடித்தது. இதில் எனக்கு ஒரே குறை: வழியில் கடைகளின் எச்சிலும் குப்பையும். குப்பைக்கு நாயும் பன்றியும் வரும், அவற்றுக்காகச் சிறுத்தை வரும். அதைக் கூட்டிப் பெருக்குவது எந்த ரைபிளையும் விடப் பெரிய பாதுகாப்பு.

விடுமுறைக்கு வந்து குழந்தைகளோடு நடந்து ஏறுகிறவர்கள் காலையில் வெயில் ஏறுவதற்குள் ஏறுங்கள். குழந்தை பெரியவர்களுக்கு நடுவில். "நான்தான் முதலில்" என்று முன்னால் ஓட விடாதீர்கள், பின்தங்கவும் விடாதீர்கள். படியோரம் புதர்ப் பக்கம் குனிந்து உட்கார வைக்காதீர்கள். உட்கார்ந்த உருவம் சிறுத்தைக்கு ஆடு மாதிரி.

யானைக்கு இந்தக் கழியும் பேச்சும் போதாது. சித்தூர்க் காடுகளில் வெகு காலம் யானையே கிடையாது. 1980-களில்தான் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்து சேர்ந்தன. ஆகவே இங்குள்ள விவசாயிக்கு முதுமலைக்காரருக்கு உள்ள பழக்கம் இல்லை. 2023 ஆகஸ்ட் கடைசியில் குடிபாலா பக்கம் ஒற்றை யானை ஒன்று தம்பதியைக் கொன்றது. கும்கிகளை வைத்து, மயக்க ஊசி போட்டு, அதைத் திருப்பதி மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோனார்கள். 2025 பிப்ரவரியில் சிவராத்திரிக்காகக் கோடூர் அருகே குண்டாலகோனாவுக்குக் காட்டு வழியே இரவில் நடந்த பக்தர்களில் மூன்று பேர் யானைக் கூட்டத்தில் சிக்கி இறந்தார்கள். அந்த வருஷம் மே மாதம் கர்நாடகம் ஆந்திரத்துக்குப் பயிற்சி பெற்ற கும்கி யானைகளைக் கொடுத்தது. பலமனேர்ப் பக்கம் அவற்றுக்கு முகாம் அமைந்தது. யானையை நகர்த்த யானைதான் சரி.

என் மருமகனுக்கு நான் சொன்னது சூரிய மின்வேலி. இதில் நம் ஆட்கள் ஒரு கொடுமையான குழப்பம் செய்கிறார்கள். நேராக மின்கம்பத்திலிருந்து கம்பி இழுத்து வேலியில் விடுவது கொலைக் கருவி. அது யானையையும் கொல்லும், இரவில் தண்ணீர் திருப்பப் போகும் பக்கத்து நிலத்துக்காரரையும் கொல்லும். சூரிய வேலியில் பேட்டரியிலிருந்து ஒரு கருவி விநாடிக்கு ஒருமுறை மட்டும் மிகச் சிறிய நேரத்துக்கு உயர் வோல்ட் துடிப்பை அனுப்பும். சுளீர் என்று வலிக்கும், உயிர் போகாது. ஆனால் வேலியடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் துடிப்பு தரையில் இறங்கிவிடும். ஆகவே மாதம் இரண்டு முறை புல் வெட்ட ஆள் வேண்டும். டல்லாஸிலிருந்து பணம் அனுப்பித் துப்பாக்கி வாங்குவது சுலபமாகத் தோன்றுகிறது. புல் வெட்ட ஆள் வைப்பதுதான் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பலாவையும், பழுத்த மாம்பழத்தையும் கொட்டகையில் குவித்து வைக்காமல் இருந்தாலே பாதி யானை வராது. காவல்காரரைத் தரையில் கயிற்றுக் கட்டிலில் படுக்க விடாமல் உயரமாகப் பரண் கட்டிக் கொடுங்கள். நல்ல டார்ச், வனத்துறை ஆளின் போன் நம்பர், அவ்வளவுதான்.

துப்பாக்கியே வேண்டாத ஊர் உலகத்தில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் குடியிருப்பை விட்டு வெளியே போனால் பனிக்கரடியை விரட்டும் சாதனம் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம்; துப்பாக்கியும் எடுத்துப்போகும்படி ஆளுநர் அலுவலகம் அறிவுறுத்துகிறது. அங்கே வெட்ட வெளி. கரடியை நூற்றுக்கணக்கான மீட்டர் தூரத்தில் பார்க்கலாம். முதலில் வெடிச் சத்தம் எழுப்ப நேரம் இருக்கிறது. சேஷாசலத்துப் புதரில் அந்த நேரம் இல்லை.

அமெரிக்கா, கனடாவில் கூடாரம் அடித்துத் தங்கப் போகும் நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை மிளகாய்க் காரம் கொண்ட கரடி ஸ்ப்ரே பயன்படுத்திய 83 சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். பழுப்புக் கரடிகளில் 92 சதவீதம் அதோடு நின்றுவிட்டன. அதே குழுவினர் 1883 முதல் 2009 வரை துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 சம்பவங்களை 2012-இல் ஆராய்ந்தபோது, சுட்டவர்களுக்கும், கையில் துப்பாக்கி இருந்தும் சுடாதவர்களுக்கும் காயப்பட்டதில் பெரிய வித்தியாசம் காணவில்லை. காரணம் லேசானது: ஸ்ப்ரே மேகம் போல விரியும், நடுங்கும் கைக்கும் குறி தவறாது. பான்ஃப், ஜாஸ்பர் போகிறவர்கள் அதை அங்கேயே வாங்கி, பைக்குள் திணிக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்ற வீட்டிலேயே ஒருமுறை பழகுங்கள். சாப்பாட்டையும் பற்பசையையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். நம் வீட்டுச் சாம்பார்ப் பொடி வாசனை கரடிக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு வரும்போது மாமாவுக்கு ஒன்று என்று அந்த ஸ்ப்ரேயைப் பெட்டியில் போட்டுவிட வேண்டாம். கையில் கொண்டுவரும் பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, விமானத்தில் அதற்கு அனுமதி இல்லை.